ஊருணித் தண்ணீர் எங்கே போகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சித்திரை முடிவதற்குள் எங்கள் ஊருணி பாதிக்கு மேல் வற்றிவிடுகிறது. ஆவியாகப் போன தண்ணீர் எங்கள் ஊரிலேயே மழையாகத் திரும்புமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஆசை நியாயமானதுதான். ஆனால் பெரும்பாலும் திரும்பாது. ஆவியான நீர் சராசரியாக 9, 10 நாள்தான் காற்றில் தங்கும், அதற்குள் காற்று அதை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனி, ஆடியில் நம் பக்கம் அடிப்பது மேல்காற்று. அப்போது உங்கள் ஊருணியை விட்டுக் கிளம்பும் ஈரம் தொண்டியைத் தாண்டி வங்கக்கடல் பக்கம் போய்விடும். அங்கே மழையாகிக் கடலில் விழுந்து மேல்மட்டத்திலேயே இருந்தால் சீக்கிரம் மறுபடி ஆவியாகலாம், ஆழத்துக்கு இறங்கிவிட்டால் அவ்வளவுதான்: கடல் நீரின் சராசரித் தங்கல் ஏறக்குறைய 3,000 ஆண்டு என்று கணக்கிடுகிறார்கள். ஐப்பசியில் காற்று திசை மாறிக் கடலிலிருந்து மழை கொண்டுவருகிறதே, அது அநேகமாக வேறு யாரோ ஊர்த் தண்ணீர்.

ஊருணி எவ்வளவு இழக்கிறது என்று பார்க்கப் படித்துறையே போதும். கோடை வெயிலும் காற்றும் நாளுக்கு அரை சென்டிமீட்டராவது குடித்துவிடும். மாதத்துக்கு 15 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு படி, யாரும் ஒரு குடம் எடுக்காமலே! ஆனாலும் உலகக் கணக்கில் இதெல்லாம் தூசி. ஆவியாகும் நீரில் சுமார் 86 சதவீதம் கடலிலிருந்துதான் போகிறது, விழும் மழையிலும் முக்கால் பங்குக்கு மேல் கடலிலேயே விழுந்துவிடுகிறது.

கேள்வி: எங்கள் ஊர் ரைஸ் மில்களில் நெல் அவிக்கும் ஆவி இவ்வளவு போகிறதே, அதுவும் மழையாகுமா?
– வாசகர், புதுவயல்

பதில்: ஆகும், ஆனால் உங்கள் தெருவில் குடை பிடிக்கும் அளவுக்கு இல்லை. நீங்கள் வெள்ளையாகப் பார்ப்பது ஆவியே இல்லை, குளிர்ந்து பொடித் துளியாகிவிட்ட தண்ணீர். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. மேகமும் இதே மாதிரிப் பொடித் துளிதான். ஈரக் காற்று மேலே ஏறிக் குளிர்ந்து, தூசியையோ உப்புத் துகளையோ பிடித்துக்கொண்டு துளியாக வேண்டும். ஏற வைக்க ஏதாவது இல்லாவிட்டால் எவ்வளவு புழுங்கினாலும் மழை வராது. வைகாசியில் நாம் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

கேள்வி: 'தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும், தீரவே தீராது' என்று பள்ளியில் படித்தோம். அப்படியென்றால் எங்கள் போர் ஏன் ஒவ்வொரு வருடமும் கீழே போகிறது?
– வாசகி, காரைக்குடி

பதில்: பூமியில் தண்ணீர் தீராது, சரி. உங்கள் வீட்டுக்கு அடியில் தீரும். எல்லா இடத்திலும் அது ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. வானத்தில் சில நாள், மேல் கிணற்றில் சில மாதமோ சில வருடமோ, ஆழத்துப் பாறை இடுக்கில் நூற்றாண்டுகள், சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள். ஆழத்தில் இறங்கி மோட்டார் போட்டு இழுப்பவர் தாத்தா காலத்துக்கும் முந்திய மழையை ஒரே கோடையில் காலி செய்கிறார் என்றால் மிகையில்லை. செட்டிநாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை: வட்டியில் குடும்பம் நடத்தாமல் முதலில் கை வைப்பதுதான். அவ்வளவு காலம் பாறையோடு கிடப்பதால் உப்பும் சுண்ணாம்பும் கரைந்து சேர்கின்றன, குக்கருக்குள் வெள்ளை படிகிறது. மழைத் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை, ஆவியாகும்போது உப்பு கடலிலேயே தங்கிவிடும்.

வற்றாத ஆறு இல்லாத சீமை என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். அதனால்தான் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள், வளவு வீடுகளில் நாட்டு ஓட்டை முற்றத்தைப் பார்த்துச் சரித்து, விழும் தண்ணீரை அண்டா வைத்துப் பிடித்தார்கள். 2003இல் அரசு எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பல வீடுகளில் அந்தக் குழாய் இப்போது சும்மா தொங்குகிறது என்பது வேறு கதை. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் விழும். ஒரு நல்ல ஐப்பசி அடைமழைக்கு இது சாதாரணம். அதை வாய்க்காலில் விடாமல் வறண்ட கிணற்றிலோ, கூழாங்கல் போட்ட குழியிலோ இறக்குங்கள். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், மாடியெல்லாம் புறா எச்சமாக இருக்கும்.