கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடும் நண்பருக்கு

வணக்கம். 1923-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில் ‘மதுரை ஜில்லா, நிலக்கோட்டை தாலுகா’ என்றிருப்பதால் மதுரையிலேயே தேடி அலைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். 1985-இல் மாவட்டம் பிரிந்தபோது நிலக்கோட்டை திண்டுக்கல்லோடு போய்விட்டது. ஆகவே அங்குள்ள சார்பதிவாளர் அலுவலகத்தில், பத்திரத்திலுள்ள சர்வே எண்ணைக் கொடுத்து, முன்பின் ஆண்டுகளுக்கு வில்லங்கம் (அந்தச் சொத்தின் மீது பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றின் பட்டியல்) போட்டுப் பாருங்கள்.

அதற்கு முன், கையிலிருக்கும் பத்திரத்தின் செக்குபந்தியை, அதாவது நிலத்தின் நான்கெல்லை விவரத்தை, நிதானமாகப் படியுங்கள். ‘இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, இன்னார் பாகத்துக்குத் தெற்கு’ என்று வரும் பெயர்களில், சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகளும் இருக்கக்கூடும். என் பாட்டனாருக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதே எங்கள் வீட்டில் இப்படித்தான் தெரியவந்தது. பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது நம் பக்கத்து வழக்கமாதலால், பெயர் ஒத்திருப்பதை மட்டும் நம்பிவிடாமல், தகப்பனார் பெயரையும் சேர்த்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை ஒரு தலைமுறையையே விட்டுவிட்டேன்.

குலதெய்வம் எதுவென்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்தால், மகாசிவராத்திரிக்கு அக்கோயிலுக்குச் செல்லுங்கள். பங்காளிகள் கூடும் நாள் அது. தலைக்கட்டு வரி, அதாவது கோயிலுக்காகக் குடும்பவாரியாகப் பிரிக்கும் பணம், எழுதும் பழைய நோட்டு எவரிடம் இருக்கிறது என்று பூசாரியிடம் விசாரியுங்கள்.