கேவண்டிஷ் டியூக்: கேள்விகளுக்குப் பதில்

போன வாரம் ஜி9 வாழையைக் ‘கேவண்டிஷ்’ ரகம் என்கிறார்களே, அது யார் பெயர் என்று ஒருவர் கேட்டார். இங்கிலாந்துப் பிரபு, ஆறாவது டெவன்ஷயர் டியூக் வில்லியம் கேவண்டிஷ் (1790–1858) என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தேன். விடுவீர்களா? கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஷெஃபீல்டில் இருந்த வருஷங்களில் லீவு நாள் வந்தாலே அவருடைய சாட்ஸ்வர்த் மாளிகைப் பக்கம் போய்விடுவேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: டெவன்ஷயர் டியூக் என்கிறீர்கள், மாளிகை டெர்பிஷயரில் இருக்கிறதே?

பட்டத்துக்கும் நிலத்துக்கும் சம்பந்தமே இல்லை. டெவனில் போய்த் தேடினால் ஒன்றும் கிடைக்காது. நிலமெல்லாம் டெர்பிஷயர், யார்க்‌ஷயர், அயர்லாந்து என்று சிதறிக் கிடந்தது.

கேள்வி: அண்ணே, அவ்வளவு சொத்து எப்படிச் சேர்ந்தது? உழைத்தா?

உழைத்தா! கல்யாணம் பண்ணி. 16-ஆம் நூற்றாண்டில் ஹார்ட்விக் பெஸ் என்ற பெண்மணி நான்கு முறை மணந்தார், ஒவ்வொரு முறையும் சொத்து கூடியது. இரண்டாவது கணவர் கேவண்டிஷ். எட்டாம் ஹென்றி காலத்தில் மடாலயங்களைக் கலைத்துச் சொத்தை அரசு எடுத்துக்கொண்டபோது அந்த வேலையைச் செய்த அதிகாரிகளில் அவர் ஒருவர், அந்த வேலையில் இருந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவில்லை. அப்புறம் 1748-ல் அந்த வம்சத்து வாரிசு ஒருவர் பாயில் குடும்பத்துப் பெண்ணைக் கட்டியதில் அயர்லாந்தின் லிஸ்மோர் கோட்டை, லண்டன் பக்கம் சிஸ்விக், யார்க்‌ஷயரில் போல்டன் அபி, லாண்டஸ்பரோ எல்லாம் வந்து சேர்ந்தன. நம்ம ஆள் 1811-ல் அப்பா இறந்து பட்டத்துக்கு வந்தபோது வயது 21, கையில் சுமார் 2 லட்சம் ஏக்கர், பெரிய மாளிகைகள் எட்டு. அவரும் சம்பாதிக்கவில்லை. குத்தகைக்காரர்கள் உழுதார்கள், வாடகை வந்தது.

கேள்வி: தோட்டக்காரரைக் கூட்டாளி மாதிரி வைத்திருந்தாராமே, உண்மையா?

உண்மை. எனக்கு அவரைப் பிடிப்பதே இதற்காகத்தான். சிஸ்விக்கில் தன் நிலத்தைத் தோட்டக்கலைச் சங்கத்துக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். அங்கே வேலை பார்த்த ஜோசப் பாக்ஸ்டன், 22 வயசு விவசாயி மகன், டியூக் நடந்து போகும்போது கதவு திறந்துவிடுவார், நாலு வார்த்தை பேசுவார். டியூக்குக்குக் காது சரியாகக் கேட்காது. இந்தப் பையன் பொறுமையாக, தெளிவாகப் பேசுவதைக் கவனித்து, சாட்ஸ்வர்த்துக்கே தலைமைத் தோட்டக்காரராகப் போட்டுவிட்டார்.

1826 மே 9 விடியற்காலை நாலரை மணிக்குப் பாக்ஸ்டன் அங்கே போய்ச் சேர்ந்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சுவர் ஏறிக் குதித்து, தோட்டம் முழுக்கச் சுற்றிப் பார்த்து, ஆறு மணிக்கு ஆட்களை வேலையில் இறக்கி, அப்புறம் மாளிகையை நிர்வகிக்கும் அம்மாவோடு காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். அந்த அம்மாவின் உறவுப் பெண் சாராவும் அங்கே இருந்தார். ஒன்பது மணிக்குள் காதலே வந்துவிட்டதாகப் பாக்ஸ்டனே எழுதி வைத்திருக்கிறார். அடுத்த வருஷம் கல்யாணம்.

கேள்வி: கண்ணாடி மாளிகை இப்போதும் இருக்கிறதா? போனால் பார்க்கலாமா?

இல்லை, 1920-லேயே வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். வெப்பநாட்டுச் செடிகளை வளர்க்க சாட்ஸ்வர்த் தோட்டத்தில் பாக்ஸ்டன் 1836-ல் தொடங்கி நாலைந்து வருஷம் கட்டியது. நீளம் சுமார் 84 மீட்டர், உயரம் 19 மீட்டர், எட்டு பாய்லர்கள். கரி மூட்டை கண்ணில் படக்கூடாது என்று சுரங்கப்பாதை வழியாகக் கரி கொண்டுவந்தார்கள். 1843-ல் விக்டோரியா ராணி வந்தபோது உள்ளே 12,000 விளக்கு ஏற்றி, வண்டியிலேயே நடுவில் ஓட்டிக்கொண்டு போனார்கள். முதல் உலகப் போரில் கரிக்கும் ஆளுக்கும் பஞ்சம், செடிகள் செத்துப்போயின. இப்போது அந்த இடத்தில் புதர்வேலியால் ஒரு சுற்றுவழி இருக்கிறது. நான் உள்ளே போய் வழி தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்னப் பிள்ளைதான் வெளியே கூட்டி வந்தது.

தேனியிலிருந்து ஒரு கேள்வி: நாங்கள் போடும் ஜி9 அவர் தோட்டத்திலிருந்து வந்ததா ஐயா?

நேராக இல்லை. அந்த வாழை சீனாவிலிருந்து மொரீஷியஸ் போய், அங்கிருந்து இங்கிலாந்து வந்தது. பாக்ஸ்டன் ஒரு கன்று வாங்கிச் சூட்டுக் கூடத்தில் வளர்த்தார். 1835 நவம்பரில் பூ தள்ளியது, அடுத்த மே மாதத்துக்குள் நூறு பழத்துக்கு மேல். எஜமான் பெயரை வைத்துவிட்டார்கள். அங்கிருந்து மிஷனரிகள் மூலம் கன்றுகள் சமோவா வரை போயின. 1950-களில் பனாமா வாடல் நோய், அதுவரை ஏற்றுமதியில் முன்னால் நின்ற ‘குரோ மிஷல்’ ரகத்தை அழித்ததும் உலக வியாபாரம் முழுக்கக் கேவண்டிஷ் குடும்பத்துக்கு மாறியது. உங்கள் ஜி9 அந்தக் குடும்பம்தான். நம் கடைகளில் ‘மோரிஸ்’ என்கிறோமே, அது மொரீஷியஸ் என்பதன் தேய்வுதான்.

கேள்வி: இவ்வளவு செலவுக்குக் காசு போதுமா?

எங்கே போதும்? ரஷ்யச் சக்கரவர்த்தி நிக்கலஸ் வருவார் என்று நம்பி, மலைமேல் எட்டு ஏக்கருக்கு ஏரி வெட்டி, பம்ப் இல்லாமல் நீரின் இறக்கத்தை மட்டும் வைத்து 90 மீட்டர் வரை பீய்ச்சும் ஊற்று செய்தார். ராத்திரியிலும் வெளிச்சம் வைத்து வேலை நடந்தது. 1844-ல் நிக்கலஸ் இங்கிலாந்து வந்தார், சாட்ஸ்வர்த்துக்கு வரவில்லை. பெயர் மட்டும் ‘சக்கரவர்த்தி ஊற்று’ என்று நின்றுவிட்டது.

ஆம்ஹர்ஸ்டியா என்ற பர்மா மரத்துக்காக 1835-ல் கல்கத்தாவுக்கே ஆள் அனுப்பினார். மரம் வந்தது, ஆனால் இங்கிலாந்தில் முதல் பூ 1849-ல் வேறொரு சீமாட்டி வீட்டில் பூத்தது! இப்படியே போனால் கடன் ஏறாமல் என்ன செய்யும்? 1845-ல் லாண்டஸ்பரோ எஸ்டேட்டை ரயில் முதலாளி ஜார்ஜ் ஹட்சனுக்கு விற்றார். அப்படியும் இறக்கும்போது கடன் பத்து லட்சம் பவுண்டுக்குப் பக்கம்.

கேள்வி: கல்யாணம், குழந்தை?

கல்யாணம் செய்யவில்லை, ஊரே ‘பிரம்மச்சாரி டியூக்’ என்றது. பிரம்மச்சாரி என்பது பேருக்குத்தான், எலிசபெத் வார்விக் என்ற பெண்ணோடு பத்து வருஷம் உறவு இருந்தது. பட்டம் பங்காளி வழியில் போனது. அந்த ஏழாவது டியூக் கொடுத்த பணத்தில்தான் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடம் வந்தது.

கேள்வி: கல்லறை எங்கே?

மாளிகைக்குப் பக்கத்து ஊர் எடென்சர் கல்லறைத் தோட்டத்தில். டியூக்குகளின் கல்லறைகள் மேட்டில், சாதாரணக் கற்கள். தேடிப் பிடிக்க வேண்டும். அதே தோட்டத்தில் கீழே பாக்ஸ்டனுடையது இருக்கிறது, அதுதான் பெரியது.