அந்த ஜூலை 15: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் நீங்கள் எழுதிய கட்டுரையை என் சித்தப்பா ஃபோனில் வைத்துக்கொண்டு எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். அவர் எதிர்க்கட்சியின் சஜித் பிரேமதாசவின் ஆள். நான் ஆளும் தேசிய மக்கள் சக்தி. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் இந்தச் சண்டை புதிதில்லை. இலங்கையில் ஆட்சி அதிகாரத்தின் பெரும்பகுதியை ஜனாதிபதி ஒருவர் கையில் வைக்கும் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை எந்தத் திகதிக்குள் ஒழிக்கப் போகிறீர்கள் என்று ஜனாதிபதி அநுரவின் அரசாங்கத்திடம் நீங்கள் கேட்டிருந்தீர்களே, அன்றைக்குச் சித்தப்பா கையில் எடுத்தது அதைத்தான்.

ஐயா, 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தல் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சந்திரிகா, மகிந்த, மைத்திரி என்று முப்பது வருடமாக ஜனாதிபதியாக வந்த எல்லோரும் இதைச் சொல்லித்தான் வாக்கு வாங்கினார்கள், எல்லோரும் ஏமாற்றினார்கள். அவர்களிடம் கேட்காத திகதியை எங்களிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? நவம்பரில் நாடு முழுவதும் எங்கள் பக்கம் வந்தபோது உங்கள் மட்டக்களப்பு மாவட்டம் மட்டும்தான் எங்களைத் தோற்கடித்தது. அந்த மனதோடுதான் எழுதுகிறீர்களோ என்று தோன்றுகிறது. நேரடியாகவே கேட்கிறேன், நீங்கள் எந்தக் கட்சி?

இன்னொன்று. ஜனாதிபதித் தேர்தல் இருப்பதால்தான் தெற்குத் தலைவர்கள் எங்கள் வாக்கைத் தேடி வருகிறார்கள், அந்த முறை போனால் தமிழருக்குத்தான் நட்டம் என்றும் சித்தப்பா சொல்கிறார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

பெயரை வெளியிட வேண்டாம்.
வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

நேரடியாகக் கேட்டதற்கு நேரடியாகவே சொல்கிறேன். செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நான் சஜித்துக்கு வாக்களித்தேன். நவம்பரில் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு. இரண்டையும் மறைக்க வேண்டிய தேவை எனக்கில்லை. ஆனால் திகதி கேட்பது அதனால் அல்ல. அது 1994இல் தொடங்கியது. அன்றைக்கு நான் இன்றைய உங்களைப் போல இருந்தேன்.

1994 நவம்பர் 9ஆம் திகதி என் வாழ்க்கையின் முதல் ஜனாதிபதித் தேர்தல். எனக்கு 22 வயது. பதினேழு வருடம் ஐக்கிய தேசியக் கட்சி (யூ.என்.பி.) ஆண்ட நாட்டில் சந்திரிகா சமாதானம் என்ற சொல்லோடு வந்தார். யாழ்ப்பாணத்தில் 'சந்திரிகா காப்பு' என்று பெயர் வைத்துக் கடைகளில் வளையல் விற்றார்கள். அப்படியொரு நம்பிக்கை. எதிரணி வேட்பாளர் காமினி திசாநாயக்க தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்னர் தொட்டலங்கவில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி ஸ்ரீமா போட்டியிட்டார். சந்திரிகாவுக்கு 62.28 வீதம் கிடைத்தது. அதற்குப் பிறகு எந்த வேட்பாளரும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை.

இனி உங்கள் கட்சியோடு சம்பந்தப்பட்ட விடயம். உங்கள் தலைமுறையில் பலருக்கு இது தெரிந்திருக்காது. அந்தத் தேர்தலில், உங்கள் தேசிய மக்கள் சக்தியின் தாய்க்கட்சியான ஜே.வி.பி.யின் ஆளாக நிஹால் கலப்பத்தி நின்றார். நிறைவேற்று ஜனாதிபதி முறையை 1995 ஜூலை 15ஆம் திகதிக்குள் ஒழிப்பேன் என்று சந்திரிகா எழுத்தில் கொடுத்த பிறகு அவர் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். பெயர் வாக்குச்சீட்டில் அப்படியே கிடந்தது. அதாவது தம்பி, இந்த நாட்டில் இந்த விடயத்துக்கு எழுத்தில் ஒரு திகதியை வாங்கியது உங்கள் கட்சிதான். நான் கேட்பதில் புதிதாக ஒன்றுமில்லை. அன்று நீங்கள் கேட்ட அதே கேள்வி.

அந்தத் திகதி வந்தபோது என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

என் பெரியப்பா பழைய யூ.என்.பி.காரர். கல்குடாத் தொகுதியின் தேவநாயகம் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கத்தில் அமைச்சராக இருந்த காலத்திலிருந்தே அந்தக் கட்சியின் யானைச் சின்னத்துக்குத்தான் போடுவார். தேத்தண்ணிக் கடையில் எங்கள் இரண்டு பேருக்கும் தினமும் வாதம். 1995 ஜூலை 15 காலையில் அவர் கடைக்கு வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இண்டைக்கு என்ன திகதி?" என்பதுதான்.

எனக்குப் பதில் தயாராக இருந்தது. ஏப்ரலில் திருகோணமலையில் கடற்படைக் கப்பல்களைப் புலிகள் மூழ்கடித்ததோடு யுத்தம் மறுபடி தொடங்கிவிட்டது, இந்த நேரத்தில் அரசியலமைப்பை மாற்ற முடியுமா என்றேன். அதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பெரும்பான்மை பாராளுமன்றத்தில் இல்லை என்றேன். அப்புறம், உங்கள் ஜே.ஆர். 1982இல் ஆம் என்பதற்கு விளக்கும் இல்லை என்பதற்குக் குடமும் சின்னமாக வைத்து ஒரு வாக்கெடுப்பு நடத்திப் பாராளுமன்றத்தையே ஆறு வருடம் நீட்டினாரே, அன்றைக்கு நீங்கள் விளக்குக்குத்தானே போட்டீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். பெரியப்பா பேசவில்லை. வென்றுவிட்டதாக நினைத்தேன்.

அன்றைக்கு யாழ்ப்பாணத்து நவாலி தேவாலயத்தில் விமானப்படையின் குண்டு விழுந்து ஆறு நாள். தஞ்சம் புகுந்திருந்த சனம் நூற்றுக்கு மேல் செத்துப்போயிருந்தது. பி.பி.சி. தமிழோசையில் கேட்டுவிட்டு இரவு நித்திரையில்லாமல் கிடந்தவன்தான் நானும். அப்படியிருந்தும் சனிக்கிழமை காலையில் கடைக்குப் போய் அந்த அரசாங்கத்துக்காக வாதாடினேன். முப்பது வருடம் கழித்தும் எனக்கு ஆறாதது இதுதான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. காசு தரவில்லை. எதிரில் இருந்தவர் யூ.என்.பி. என்ற ஒரே காரணத்துக்காக நானாகவே அவர்களுக்கு வக்கீலானேன்.

பெரியப்பாவின் கேள்வி சரியான கேள்வி. ஆனால் அவர் கேட்டு எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் அவர் எப்படியும் யானைக்குப் போடுகிறவர். சந்திரிகாவின் ஆட்கள் அவர் சொல்வதை ஏன் காதில் வாங்க வேண்டும்? கேட்டிருக்க வேண்டியவன் நான். வீடு வீடாகப் போய் வாக்குச் சேர்த்த என்னைப் போன்ற ஆயிரம் பேர் கட்சி அலுவலகத்துக்குப் போய் "திகதி போய்விட்டது, மசோதா எங்கே" என்று கேட்டிருந்தால் அது அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

மூன்றில் இரண்டு இல்லை என்று நான் சொன்ன சாட்டையும் இப்போது யோசித்துப் பாருங்கள். பாராளுமன்றத் தேர்தல் 1994 ஓகஸ்டிலேயே முடிந்துவிட்டது. சந்திரிகாவின் கூட்டணிக்கு 105 ஆசனம், யூ.என்.பி.க்கு 94. தேவை 150. ஜூலை 15 என்று எழுதிக் கொடுத்தபோது இந்த எண்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கொடுத்த வாக்குக்கு, பிறகு அதே எண்ணைச் சாட்டாகக் காட்ட முடியாது. கடைசியில் 2000 ஓகஸ்டில் அவர் ஒரு அரசியலமைப்பு மசோதா கொண்டுவந்தார். அதில் அந்த முறையை ஒழிக்கும் ஏற்பாடு இருந்தது, ஆனால் அவருடைய பதவிக்காலம் முடியும்வரை அவருக்கு மட்டும் அதிகாரம் தொடரும். யூ.என்.பி. உறுப்பினர்கள் பாராளுமன்றத்துக்குள்ளேயே மசோதாப் பிரதிகளை எரித்தார்கள். தமிழருக்கும் அதில் கொஞ்சம் நல்லது இருந்தது. அதுவும் சேர்ந்து எரிந்தது.

சரி, மகிந்தவுக்கு வருவோம். அவருக்கு மூன்றில் இரண்டு கிடைத்தது. 2010 செப்டெம்பரில் 161 பேர் கை தூக்கினார்கள். ஒழிப்பதற்கு அல்ல, ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்ற தடையை எடுப்பதற்கு. 2020 ஒக்டோபரில் கோட்டாபயவுக்கு 156 பேர். மைத்திரி காலத்தில் குறைத்த அதிகாரத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு. எதிர்க்கட்சி வரிசையில் இருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரும் அதற்கு வாக்களித்தார்கள். கூட்டுவதற்கு என்றால் அந்த எண் எங்கிருந்தாவது வந்துவிடுகிறது, குறைப்பதற்கு என்றால்தான் வருவதில்லை.

மைத்திரியை நான் மற்றவர்களோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். 2015 ஏப்ரலில் 19ஆவது திருத்தம் வந்தது. எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர். ஆறு வருடப் பதவிக்காலம் ஐந்தானது, இரண்டு தடவை வரம்பு திரும்பி வந்தது. ஆனாலும் முழுதாக ஒழியவில்லை. சில பிரிவுகளுக்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதும் அவற்றைக் கழற்றிவிட்டார்கள். மக்களிடம் போயிருக்கலாம். வென்ற சூடு ஆறாத நேரம். போகவில்லை. அந்த வருடம் நவம்பரில் மாதுளுவாவே சோபித தேரர் காலமானார். இந்த முறையை ஒழிக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக ஊர் ஊராகப் போய் எல்லாக் கட்சிகளையும் ஒன்றுசேர்த்த பிக்கு அவர். அவருடைய இறுதிச் சடங்கிலும் மைத்திரி அதே வாக்குறுதியைக் கொடுத்தார். மூன்று வருடம் கழித்து, 2018 ஒக்டோபர் 26 இரவு, அந்தப் பதவியைப் பிடித்துக்கொண்டு பிரதமரைத் தூக்கிவிட்டு மகிந்தவை உட்கார வைத்தார். பாராளுமன்றத்தையும் கலைத்தார். அது சட்டத்துக்கு முரண் என்று ஏழு நீதியரசர்களும் ஒரே குரலில் தீர்ப்பளித்த பிறகுதான் ஓய்ந்தது.

இதனால்தான் மூன்று மாதத்தில் கேட்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு நாள் போகப் போக அதை விட மனம் வராது. அநுர அப்படிப்பட்டவர் இல்லை என்று நீங்கள் எழுதுவீர்கள். இருக்கலாம். மைத்திரியையும் நாங்கள் அப்படித்தான் நம்பினோம். பாராளுமன்றத்தில் உங்களுக்கு 159 பேர். 225இல் மூன்றில் இரண்டு 150. சந்திரிகாவின் சாட்டு உங்களுக்கு இல்லை. சர்வசன வாக்கெடுப்பு ஒன்று மிஞ்சுகிறது. அதற்கு மக்கள் உங்கள் பக்கம் நிற்கும் இந்த நேரத்தை விட நல்ல நேரம் எது? பொருளாதாரம் சரியாகட்டும் என்று காத்திருந்தால் அடுத்த தேர்தல் வாசலில் நிற்கும். அப்போது உங்களுக்குள்ளேயே ஒருவர் "இந்தத் தடவை மட்டும் இருக்கட்டும்" என்று தொடங்குவார்.

உங்கள் சித்தப்பா சொன்ன இரண்டாவது விடயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. எங்கள் சனத்தில் நல்ல மனிதர்கள் பலர் அப்படி நினைக்கிறார்கள். ஐம்பது வீதத்தைத் தாண்ட வேண்டும் என்பதால் எந்தச் சிங்களத் தலைவரும் வடக்குக் கிழக்கை ஒதுக்க முடியாது என்பது அவர்களுடைய கணக்கு. 2015இல் அது சரியாகவே வந்தது. எங்கள் வாக்கு இல்லாமல் மைத்திரி வென்றிருக்க மாட்டார். 2019இல் அந்தக் கணக்கு பொய்த்துவிட்டது. வடக்கும் கிழக்கும் சஜித்துக்கு அள்ளிக் கொடுத்தும் கோட்டாபய 52.25 வீதத்தோடு வென்றார். வெல்வதற்கு எங்கள் வாக்கு தேவையில்லை என்று தெரிந்த ஒருவர் கையில் அவ்வளவு அதிகாரமும் போனது.

வாக்கு வாங்கும் நாளை மட்டும் பார்த்தால் சித்தப்பா சொல்வது நியாயம்போலத் தெரியும். மற்ற நாட்களைப் பாருங்கள். எங்கள் கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012இல். 2017இல் அதன் காலம் முடிந்தது. உங்கள் வடக்குக்கு 2013, 2018. அன்றிலிருந்து இரண்டு மாகாணங்களையும் நடத்துகிறவர்கள் ஆளுநர்கள். ஆளுநரை யார் நியமிக்கிறார்? ஜனாதிபதி. நாங்கள் தெரிவு செய்த ஒரு ஆள்கூட இல்லாத மாகாண நிர்வாகத்தில் பாடசாலைக்கு ஆசிரியர் இடமாற்றம் கேட்டு நான் அலைந்திருக்கிறேன். அந்தக் கதிரைக்கு மேலே இருப்பது அதே நிறைவேற்று அதிகாரம்தான். அவசரகாலச் சட்டத்தைப் பிரகடனம் செய்வதும் அங்கிருந்துதான். தேர்தலுக்குத் தேர்தல் ஒரு தலைவர் எங்கள் கோயிலுக்கு வந்து கும்பிட்டுப் போகிறார் என்பதற்காக இவ்வளவையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

நீங்கள் இரண்டு பேரும் இரவுச் சாப்பாட்டில் சண்டை பிடிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் நானும் பெரியப்பாவும் செய்த பிழையைச் செய்யாதீர்கள். அவர் ஜே.ஆரை ஒருநாளும் கேட்கவில்லை. நான் சந்திரிகாவைக் கேட்கவில்லை. இரண்டு பேரும் மாறி மாறி ஒருவரையொருவர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் 2003இல் போய்விட்டார். அன்று காலையில் நான் அவருக்கு ஒரு நேர்மையான பதிலாவது சொல்லியிருக்கலாம்.

என் கட்டுரையை உங்கள் கட்சிக்காரர்கள் ஒரு தமிழரசுக் கட்சி வாக்காளனின் முணுமுணுப்பு என்று ஒதுக்கிவிடலாம். உங்களை அப்படி ஒதுக்க முடியாது. வன்னி மாவட்டத்தில் உங்களுக்கு இரண்டு பாராளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நீங்கள் வெயிலில் நடந்திருப்பீர்கள். அவர்களில் ஒருவரை நேரில் பார்த்து, மசோதா எந்த மாதம் வரும் என்று கேளுங்கள். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் கேள்வியை நீங்கள் கேளுங்கள். என்ன பதில் கிடைத்தாலும் எனக்கு எழுதுங்கள். ஒரு சொல் மாற்றாமல் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்
மட்டக்களப்பு