மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, அதைத் திறக்க விடாதீர்கள்

கேள்வி: பெங்களூரு ஹலசூருவில் இருக்கிறேன், ஓய்வு பெற்ற ஆசிரியை. பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு புதிய கம்பெனியின் எலக்ட்ரிக் காரை 18 லட்சத்துக்கு வாங்கினோம். இதுவரை ஓடியது 11,000 கிலோமீட்டர். மூன்று முறை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரீன் கறுத்துவிட்டது. கடைசி முறை எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் மகன் ஓட்டிக்கொண்டிருந்தான். வேகம் 30க்கு இறங்கி, அதற்கு மேல் ஏறவே இல்லை. ஓரங்கட்டிப் பூட்டி, இருபது நிமிடம் கழித்துத் திறந்தால் ஒன்றும் நடக்காதது போல ஓடுகிறது. சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை பிரச்சினையே இல்லை என்றார்கள். இப்போது ‘மோட்டாராக இருக்கலாம், வரவழைக்க ஆறு வாரம் ஆகும்’ என்கிறார்கள். தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், மோட்டார் போய்விட்டது, 70,000 ரூபாயில் வேறு மோட்டார் போட்டுத் தருகிறேன், இல்லாவிட்டால் வண்டியை நானே விற்றுத் தருகிறேன் என்கிறார். என்ன செய்வது? பேரனை ஏற்றிக்கொண்டு போகவே பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, முதலில் அந்த 70,000 ரூபாய் ஆளை வண்டியின் பக்கமே விடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. இருபது நிமிடம் பூட்டி வைத்ததும் சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் எரிந்துபோயிருந்தால் இருபது நிமிடம் தூங்கி எழுந்து குணமாகாது. காந்தம் பலமிழந்திருந்தால் பூட்டித் திறந்ததும் பலம் திரும்பி வராது. பூட்டி வைத்தால் சரியாவது பெரும்பாலும் கம்ப்யூட்டர்தான். காரைப் பூட்டிச் சும்மா விட்டால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். திறந்ததும் புதிதாக விழிக்கும். வீட்டில் செட்டாப் பாக்ஸ் மக்கர் பண்ணினால் பிளக்கைப் பிடுங்கிச் செருகுகிறோமே, அதேதான். அதோடு, கறுத்தது ஸ்கிரீன். மோட்டாருக்கும் ஸ்கிரீனுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. இரண்டும் ஒரே சமயத்தில் சுணங்கினால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று சுணங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

நான் மோட்டார் வடிவமைப்பில் இருபது வருடங்களுக்கு மேல் இருப்பவன். அந்தத் தொழிலில் இருப்பவனாகச் சொல்கிறேன்: எலக்ட்ரிக் காரில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பொருள் மோட்டார். உள்ளே சுற்றுவது ரோட்டர் என்ற ஒரே உருளை. அதைத் தாங்குவது இரண்டு பேரிங். சுற்றியிருப்பது செம்புக் கம்பி. பெட்ரோல் இஞ்சினில் இருக்கிற பிஸ்டன், வால்வு, டைமிங் செயின் எதுவும் இல்லை. இதை நன்றாகச் செய்யும் வித்தை உலகுக்கு நூறு வருடத்துக்கும் மேலாகத் தெரியும். நம் பெங்களூரிலேயே 2001ல் ரேவா என்ற எலக்ட்ரிக் கார் ஈய பேட்டரியோடும் டிசி மோட்டாரோடும் ஓடியது.

மென்பொருள் அப்படி அல்ல. ஒரு காரில் டஜன்கணக்கில் சின்னக் கம்ப்யூட்டர்கள். பிரேக்குக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று, மோட்டாரை இயக்கும் இன்வர்ட்டருக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று. பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சப்ளையரிடமிருந்து வருகிறது. நொடிக்குப் பல முறை இவை ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப வேண்டும். நாதஸ்வரம் ஓர் ஊர், தவில் ஓர் ஊர், தாளம் ஓர் ஊர் என்று கூட்டி வந்து, ஒத்திகை இல்லாமல் முகூர்த்தத்தில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? தனித்தனியே எல்லோரும் வித்வான்கள்தான். சேர்ந்து வாசிக்கப் பழக நாள் ஆகும். இளம் கம்பெனிகள் அந்த நாளைக் கொடுப்பதில்லை. முதலீட்டாளருக்குச் சொன்ன தேதியில் டெலிவரி ஆக வேண்டும், மிச்சத்தை அப்டேட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். ஒத்திகை உங்கள் வீட்டு வாசலில் நடக்கிறது. பணம் கொடுத்து வாங்கியவர் சோதனை ஓட்டுநராக இருக்க வேண்டியதில்லை என்று மீட்டிங் மீட்டிங்காகப் போய்ச் சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார்கள். அடுத்த மாடலிலும் அதேதான் நடக்கும்.

இது நம் நாட்டுக் கம்பெனிகளின் குறை மட்டும் இல்லை. அமெரிக்காவின் லூசிட் என்ற எலக்ட்ரிக் கார் கம்பெனி 2007ல் அட்டீவா என்ற பெயரில் பேட்டரி வேலையில் தொடங்கியது. அதன் ஏர் காரின் மோட்டார், இன்வர்ட்டர், கியர் எல்லாம் சேர்ந்த தொகுப்பு வெறும் 74 கிலோ. தருவது 670 குதிரைத்திறன். 2021ல் அந்தக் கார் ஒரே சார்ஜில் சுமார் 837 கிலோமீட்டர் என்று அமெரிக்க அரசின் அளவீட்டில் பதிவானது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அந்த மோட்டாரின் குறுக்குவெட்டுப் படத்தை ஆசையோடு பார்ப்போம். அதே கம்பெனியின் தற்காலிகத் தலைவர் 2025 டிசம்பரில், கிராவிட்டி கார் வாங்கியவர்களிடம் மென்பொருள் தொல்லைகளுக்காக மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டி வந்தது. ரிவியன் என்ற இன்னொரு அமெரிக்க எலக்ட்ரிக் கார் கம்பெனி 2023 நவம்பரில் ஒரு அப்டேட்டைத் தவறான பாதுகாப்புச் சான்றிதழோடு அனுப்பிவிட்டது. வண்டிகள் ஓடின, ஸ்கிரீன்கள் செத்துப்போயின. எங்கேயும் மோட்டார் காரணம் இல்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். நான் முதலில் சந்தேகப்படுவது 12 வோல்ட் பேட்டரியை. எலக்ட்ரிக் காரில் பெரிய பேட்டரி மட்டும்தான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெட்ரோல் காரில் இருப்பது போலவே ஒரு சின்ன பேட்டரியும் உண்டு. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் உயிர் கொடுப்பது அதுதான். அது தளர்ந்தால் கம்ப்யூட்டர்கள் தாறுமாறாகப் பேசும். ஒரு செய்தி வராமல் போனால், ஏதோ ஆபத்து என்று எண்ணி மென்பொருள் வேகத்தைக் கட்டிப்போடும். நீங்கள் பார்த்த 30 அதுதான். 2024ல் ஹூண்டாய் அயோனிக் 5, கியா ஈவி6 கார்களை இந்தியாவிலும் திரும்ப அழைத்தார்களே, அங்கும் கோளாறு இந்தச் சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் ஊட்டும் பாகத்தில்தான். அவை பழம்பெரும் கம்பெனிகள்.

நாளைக் காலை ஒன்று செய்து பாருங்கள். பேஸ்மென்ட்டில் சத்தம் இல்லாத நேரத்தில், ஏசியையும் பாட்டையும் அணைத்துவிட்டு, வண்டியை ஆன் செய்யுங்கள். சீட்டுக்கு அடியிலிருந்தோ முன்பக்கத்திலிருந்தோ ‘டக், டக்’ என்று கெட்டியான சத்தம் வரும். பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் மூடுகிற சத்தம் அது. தயங்கித் தயங்கி வந்தாலோ, இரண்டு மூன்று முறை முயற்சி செய்வது போல வந்தாலோ, மொபைலில் பதிவு செய்து சர்வீஸில் கேட்கச் சொல்லுங்கள். சின்ன பேட்டரியை லோடு டெஸ்ட், அதாவது சுமை கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை, பண்ணச் சொல்லுங்கள். ஈய பேட்டரியாக இருந்தால் சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். 12க்குக் கீழே போனால் அதை மாற்றாமல் வேறு எதையும் தொட வேண்டாம்.

டாஷ்கேம், கூடுதல் விளக்கு, ஆம்ப்ளிஃபையர் என்று ஆக்சஸரீஸ் கடையில் ஏதாவது பொருத்தினீர்களா? கடிதத்தில் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். ஒயரைக் கீறி, டேப் சுற்றி, அதிலிருந்து கரன்ட் எடுத்திருப்பார்கள். இந்த ஊரில் நான் பார்த்த மர்மக் கோளாறுகளில் பல அந்தக் கறுப்பு டேப்புக்கு அடியில்தான் இருந்தன. கழற்றிவிடுங்கள். வாரன்ட்டியை மறுக்கக் கம்பெனிக்கு அது நல்ல சாக்கு.

சர்வீஸ் சென்டர் ஏன் மோட்டாரைச் சொல்கிறது? பாகத்தை மாற்றினால் அவர்கள் கணக்கில் ஒரு வேலை முடிகிறது, புகார் மூடப்படுகிறது. இரண்டு மணி நேரம் லேப்டாப்பை வைத்துப் பதிவுகளைப் படிக்க அங்கே ஆளும் இல்லை, அதற்குக் கூலியும் இல்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் பீன்யா பரிசோதனைக் கூடத்துக்கு ‘பழுதான மோட்டார்’ என்று சீட்டு ஒட்டி ஒன்று வந்தது. இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் கருவி போட்டோம், புதிது போல இருந்தது. டைனோ என்ற சோதனை மேடையில் ஏற்றி முழு லோடில் ஓட்டினோம், குறையே இல்லை. கடைசியில் கனெக்டரைக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, ரோட்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லும் சென்சாரின் ஒரு பின் மட்டும் பச்சை பூத்திருந்தது. அரிசி அளவுகூட இல்லாத பின். அதைத் துடைத்திருந்தால் போதும். அதற்காக ஒரு குடும்பம் ஏழு வாரம் கார் இல்லாமல் இருந்திருக்கிறது.

ஆகவே மோட்டாரை இலவசமாகவே மாற்றித் தந்தாலும் உடனே சரி என்று சொல்லாதீர்கள். எந்தப் பிழைக் குறியீட்டை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள், அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். ஜாப் கார்டில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: நீங்கள் சொன்ன புகார் உங்கள் வார்த்தையிலேயே, வண்டியில் பதிவான பிழைக் குறியீடுகள், அன்றைக்கு இருந்த மென்பொருள் பதிப்பு எண். ‘செக்டு, ஓகே’ என்று எழுதிக் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். உங்கள் வண்டிக்கு உள்ளே என்ன நடந்தது என்ற பதிவு கம்பெனி சர்வருக்குப் போயிருக்கும். பணம் கொடுத்த உங்களுக்கு அதைக் காட்டமாட்டார்கள். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மோட்டார் உண்மையிலேயே கெடுகிற ஓர் இடம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக இல்லை. பேரிங். இன்வர்ட்டர் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அதனால் ரோட்டர் தண்டில் கொஞ்சம் வோல்டேஜ் தேங்கும். அது தரைக்குப் போக வழி தேடி, பேரிங் குண்டுகளின் வழியாகப் பொறியாகப் பாயும். ஒவ்வொரு பாய்ச்சலும் ஊசிமுனை அளவு பள்ளம். மாதக்கணக்கில் பள்ளங்கள் சேர்ந்து, குண்டுகள் உருளும் பாதையில் சலவைப் பலகை போல வரிவரியாக விழுந்துவிடும். இதைத் தடுக்கத் தண்டில் ஒரு சின்ன பிரஷ்ஷோ வளையமோ வைத்து மின்சாரத்தை வேறு வழியில் இறக்குவார்கள். செலவு பார்த்து அதை விட்டவர்களும் உண்டு. கண்டுபிடிப்பது எப்படி? காலியான ரோட்டில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, 50ல் போகும்போது மகனை ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் காலோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது இன்வர்ட்டரின் இயல்பான சங்கீதம், பயமில்லை. கால் என்ன செய்தாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் கூடிக் குறைகிற உறுமலாக இருந்தால் பேரிங். டயரும் சக்கரப் பேரிங்கும் அப்படித்தான் கத்தும் என்பதால், லிஃப்டில் ஏற்றிக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அது பேரிங்தான் என்றாலும் திடீரென்று 30ல் நிறுத்தாது, ஸ்கிரீனைக் கறுப்பாக்காது. வாரக்கணக்கில் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் போகும். நீங்கள் சத்தம் எதையும் எழுதவில்லை.

இப்போது அந்த ஆள். 70,000 ரூபாய்க்கு அவர் போடப்போவது விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து கழற்றிய மோட்டாராகத்தான் இருக்கும். மோட்டாரை மாற்றினால் ரோட்டர் கோணத்தை இன்வர்ட்டருக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கான மென்பொருள் கம்பெனியிடம் மட்டும்தான் இருக்கும். கோணம் தவறினால் வண்டி உதறும், இழுக்கும். ஆரஞ்சு நிற கேபிள்களில் ஓடுவது பெரும்பாலான கார்களில் 300, 400 வோல்ட். பயிற்சி இல்லாதவன் கை வைத்தால் உயிர் போகும். சீல் உடைந்ததும் வாரன்ட்டி காலி. ‘ரீஃப்ளாஷ் பண்ணி’, அதாவது மென்பொருளை மாற்றி எழுதி, ‘பவர் ஏற்றித் தருகிறேன்’ என்று லேப்டாப்போடு வருகிறவர்களும் இதே ரகம்.

ஆனால் நான் பயப்படுவது அவருடைய இரண்டாவது வாக்கியத்துக்கு. ‘இல்லாவிட்டால் நானே விற்றுத் தருகிறேன்’ என்றாரே, அதுதான் அவர் வந்த வேலை. மோட்டார் போச்சு என்று சொல்லிப் பயமுறுத்தி, பதினெட்டு லட்ச வண்டியை ஐந்து ஆறு லட்சத்துக்கு வாங்கி, கம்பெனியில் இலவச அப்டேட் போட்டு, ஒரு சின்ன பேட்டரியை மாற்றி, இரண்டு மடங்குக்கு விற்பார்கள். பெட்ரோல் காரில் ‘இஞ்சின் சீஸ் ஆயிடுச்சு’ என்று சொல்லிச் செய்ததையே இப்போது மோட்டார் பெயரில் செய்கிறார்கள். வயதானவர்கள், தனியாக இருக்கும் பெண்கள் வீடாகப் பார்த்துத்தான் வருகிறார்கள். கோபமாக வருகிறது.

பேரன் விஷயம். ஸ்கிரீன் கறுத்தாலும் பிரேக் வேலை செய்யும். மிதி கெட்டியானால் பயப்படாமல் பலமாக மிதிக்க வேண்டும். ஸ்டியரிங் கனமாகலாம், ஆனால் திரும்பும். உடனே நான்கு இண்டிகேட்டரையும் போட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள். சின்ன பேட்டரியைச் சோதித்து, புதிய அப்டேட் போட்டு, இரண்டு வாரம் தொல்லையில்லாமல் ஓடும் வரை மேம்பாலம் வேண்டாம், கீழ் ரோட்டிலேயே போங்கள். பேரனை அதுவரை ஆட்டோவில் அனுப்புங்கள். அப்டேட்டை இரவில் போடுங்கள். மறுநாள் அவசர வேலை இருந்தால் போடவே வேண்டாம்.

இதற்கும் சரியாகாவிட்டால் எழுத்தில் புகார். போனில் பேசியது எதுவும் கணக்கில் வராது, மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் கம்பெனியைப் பேச வைக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கேயே போடலாம். உங்கள் விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019 சட்டம் இடம் தருகிறது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆகவே முதல் முறை கறுத்த தேதியை இப்போதே எழுதி வையுங்கள். வழக்கு இழுக்கும், தேதி மேல் தேதி கொடுப்பார்கள். சட்டம் மாதக்கணக்கில் சொன்னதை ஆணையங்கள் வருடக்கணக்கில் செய்கின்றன. இருந்தாலும் கையில் ஜாப் கார்டும் வீடியோவும் இருக்கிறவரிடம் கம்பெனி முதல் வாய்தாவுக்கு முன்பே சமரசம் பேச வரும், நான் பார்த்திருக்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் சேர்த்த 110ஏ பிரிவின்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க மத்திய அரசு கம்பெனிக்கு உத்தரவிடலாம். பலர் புகார் பதிந்தால் அதற்கு வழி பிறக்கும். அரசின் வாகன் இணையதளத்தில் உங்கள் புகாரையும் பதியுங்கள். மகனை உட்கார வைத்து இன்றைக்கே செய்துவிடுங்கள்.

அந்த ஆள் மறுபடி போன் செய்தால், வண்டி கம்பெனியில் நிற்கிறது என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள்.