ஓசு ஏன் தோற்றார்?

அன்புள்ள ஐயா,

எங்கள் குடியிருப்பில் எட்டுப் பேர் சேர்ந்து சனிக்கிழமைதோறும் உலகப் படங்கள் பார்க்கிறோம். ஆர்வம் குறையாமல் இருக்க இந்த வருடம் அதைப் போட்டியாக மாற்றினோம். நாட்டுக்கு ஒரு படம், ஒரு மாலையில் இரண்டு படம். முடிந்த உடனே கதை, நடிப்பு, ஒளிப்பதிவு, இசை, பாதிப்பு என ஐந்து தலைப்பில் மதிப்பெண் போடுவோம். போன வாரம் இத்தாலியின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படமும், சாப்பாட்டுக்கு அப்புறம் ஜப்பானின் ‘டோக்கியோ ஸ்டோரி’யும் பார்த்தோம். ஜப்பானுக்கு அதிக மதிப்பெண் போட்டது நான் ஒருத்திதான். “இதுல என்ன அண்ணி நடந்துச்சு?” என்று கொழுந்தன் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் மறுநாள் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அழுகை வந்துவிட்டது. படங்களை இப்படி மோதவிடுவதே தவறா? நிறுத்திவிடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். ‘நாட்டுக்கு ஒரு படம்’ என்பது பழைய வழக்கம்தான். 1972 வரை பிரான்சின் கான் திரைப்பட விழாவுக்கு எந்தப் படம் போகவேண்டும் என்பதை அந்தந்த நாடுகளே முடிவு செய்தன. 1956இல் ‘பதேர் பாஞ்சாலி’ அப்படித்தான் போனது. ‘சிறந்த மானுட ஆவணம்’ என்ற விருது அதற்குக் கிடைத்தது. விழாவின் முதல் பரிசான தங்கப்பனை விருதை வாங்கியது கடலுக்கடியில் எடுத்த ‘தி சைலன்ட் வேர்ல்ட்’ என்ற பிரெஞ்சு ஆவணப்படம். இரண்டில் எதை இன்று ஊர் ஊராகத் திரையிடுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

‘டோக்கியோ ஸ்டோரி’யை எடுத்த ஓசு உங்கள் வீட்டில் தோற்றதற்குக் காரணம், நீங்கள் வாக்குப் போட்ட நேரம் என்றுதான் நினைக்கிறேன். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ எடுத்தவர் டி சிகா. அவர் படத்தில் நடக்கவேண்டியது எல்லாம் நம் கண்ணெதிரே நடக்கிறது. சைக்கிளை மீட்பதற்காகக் குடும்பம் படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறது. கடைக்காரர் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு, கூரைவரை விரிப்புகள் அடுக்கிய பரண்மேல் ஏறுகிறார். ஒரு வீட்டின் கஷ்டம் ஒரு ஊரின் கஷ்டமாக மாற அந்த ஒரு ஷாட் போதும். கடைசியில் அப்பனே சைக்கிள் திருடி, மகன் பார்க்க அடி வாங்குகிறான். கீழே விழுந்த தொப்பியைப் பையன் எடுத்துத் துடைக்கிறான். அப்போது அழாதவர் யார்? அழுத கையோடு மதிப்பெண் போட்டால் இத்தாலிதான் ஜெயிக்கும்.

ஓசு முக்கியமான சம்பவத்தைக் காட்டவே மாட்டார். ‘டோக்கியோ ஸ்டோரி’யில், வயதான அம்மா விடியும்வரை தாங்கமாட்டாள் என்று டாக்டர் மகன் சொல்கிறான். அடுத்து வருவது துறைமுகம், ஆளில்லாத தெரு, ரயில் தண்டவாளம். மறுபடி வீட்டுக்குள் வரும்போது அவள் முகத்தில் துணி மூடியிருக்கிறது. கிழவர் வெளியே நின்றுகொண்டிருக்கிறார். தேடிவந்த மருமகளிடம், விடியல் அழகாக இருந்தது, இன்றைக்கும் வெயில் கடுமையாக இருக்கும் என்கிறார். அவ்வளவுதான். மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைக் கேட்ட நொடியில் அழுகை வராது. மறுநாள் காய் நறுக்கும்போதுதான் வரும். உங்களுக்கு வந்தது அதுதான்.

கொழுந்தனார் கேட்டதும் நியாயமான கேள்வி. சொல்ல ஒரு பதில் தருகிறேன். பாட்டி சின்னப் பேரனைப் புல்மேட்டுக்கு அழைத்துப்போகிறாள். பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய், அப்பா மாதிரி டாக்டரா என்று கேட்கிறாள். நீ டாக்டராகும்போது நான் இருப்பேனா என்றும் கேட்கிறாள். பையன் காதில் வாங்காமல் விளையாடிக்கொண்டிருக்கிறான். தாத்தா மாடி ஜன்னலிலிருந்து இதைப் பார்க்கிறார். அந்தக் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை என்பதுதான் அந்தக் காட்சியில் நடந்தது. ‘கதை’ என்ற தலைப்பில் இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்? அந்தத் தலைப்பு இருக்கும்வரை ஓசுவுக்கு உங்கள் வீட்டில் வழியில்லை.

ஓசுவுக்கு இது புதிதல்ல. ‘டோக்கியோ ஸ்டோரி’ 1953இல் வந்த படம். வெளிநாட்டாருக்குப் புரியாது, மிகவும் ஜப்பானியத்தனமானது என்று அவர் படங்களை வெளியே அனுப்பவே தயங்கினார்கள். ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை 1952இல் முதல்முறையாக விமர்சகர்களிடம் வாக்கெடுத்தபோது முதலிடம் பிடித்தது, வந்து நாலே வருடமான ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. 2012இல் அதே பத்திரிகை 358 இயக்குநர்களிடம் கேட்டது. முதலிடம் ‘டோக்கியோ ஸ்டோரி’க்கு. படம் எடுப்பவர்கள் வாக்கில் அது ஜெயிக்க அறுபது வருடம் ஆனது. டி சிகாவைக் குறைத்துச் சொல்லவில்லை. அவருடைய படத்தை வருடத்துக்கு ஒருமுறையாவது நான் பார்க்கிறேன்.

அதனால் விதிகளைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு படம். இரண்டேகால் மணி நேர ஓசுவை வயிறு நிறைந்த பிறகு, இன்னொரு படத்தைப் பார்த்த களைப்போடு பார்க்கவே கூடாது. வாக்கை அடுத்த வாரம் போடுங்கள். எதை எதிர்த்து வாக்களிக்கிறோமோ அந்தப் படத்திலிருந்து நினைவில் நின்ற ஒரு காட்சியைச் சொன்ன பிறகே மதிப்பெண் போடலாம் என்றும் வையுங்கள்.

அப்புறம், சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்க்காதீர்கள். ஒன்றுக்கொன்று பேசும் படங்களாகச் சேருங்கள். சத்யஜித் ராய் 1950இல் விளம்பர நிறுவன வேலையாக லண்டன் போனபோது ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ பார்த்தார். தொழில்முறை நடிகர்கள் இல்லாமல், தெருவிலேயே படம் எடுக்கலாம் என்ற தைரியம் அங்கேதான் அவருக்கு உறுதிப்பட்டது. இத்தாலிக்கு எதிரே நிற்கவேண்டியது அவர் எடுத்த ‘பதேர் பாஞ்சாலி’. அகிரா குரோசவாவின் ‘ராஷோமான்’ படத்துக்கு எதிரே எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ படத்தை வையுங்கள். இரண்டிலும் ஒரு சாவு, அதைப் பற்றிப் பலர் சொல்லும் கதைகள். தமிழ்ப்படத்தில் விசாரணை முடியும்போது உண்மை தெரிந்துவிடும். ஜப்பானியப் படத்தில் கடைசிவரை தெரியாது. எது உங்களை அதிகம் தொந்தரவு செய்கிறது என்று ஒரு ராத்திரி முழுக்கப் பேசலாம். 1954இலேயே பாட்டே இல்லாமல் ஒரு தமிழ்ப்படம் வந்தது என்று சொன்னால் கொழுந்தனாரும் உட்கார்ந்து பார்ப்பார்.

ஓசுவுக்குச் சரியான ஜோடி அமெரிக்காவில் இருக்கிறது. லியோ மெக்கேரி 1937இல் எடுத்த ‘மேக் வே ஃபார் டுமாரோ’. அதிலும் வயதான தம்பதி; இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ளப் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஓசுவின் திரைக்கதைத் துணைவர் கோகோ நோடா அதைப் பார்த்திருந்தார். ‘டோக்கியோ ஸ்டோரி’க்கு வித்து அதுதான். முதலில் அமெரிக்கப் படம், ஒரு வாரம் விட்டு ஜப்பானியப் படம் என்று மறுபடி ஒரு வாய்ப்புக் கொடுங்கள். மெக்கேரியின் படம் ஒன்றரை மணி நேரம்தான், ஆறு மணிக்குப் போட்டால் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடும்.