நல்ல வெயிலில் கூரை சோலார் இன்வெர்ட்டர் ஏன் அடிக்கடி நின்றுபோகிறது?

பெரும்பாலும் பழுது அல்ல, வோல்டேஜ் ஏற்றம். நம் தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11 கேவியை 433 வோல்ட்டாக (இரு ஃபேஸ்களுக்கு இடையே) இறக்குகிறது. லோடு இல்லாதபோது ஒரு ஃபேஸில் 250 வோல்ட் நிற்கும். வழக்கமான 230 வோல்ட்டில் பத்து சதவீதம் கூடி 253-ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் லைனிலிருந்து விலக வேண்டும் என்பது விதி. இடைவெளி வெறும் 3 வோல்ட்! 5 கிலோவாட் திருப்பி அனுப்பினால் சுமார் 22 ஆம்பியர்; போய்வரும் இரு வயர்களின் மொத்த ரெசிஸ்டன்ஸ் 0.4 ஓம் என்றால் 9 வோல்ட் ஏறிவிடும்.

மதியம் மீட்டரிலும் இன்வெர்ட்டர் முனையிலும் வோல்டேஜை அளந்து பாருங்கள். வித்தியாசம் அதிகமென்றால் தடித்த கேபிள் போடுங்கள். மீட்டரிலேயே அதிகமென்றால் மின்வாரியத்திடம் ஃபேஸ் மாற்றிக் கேளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை (வெளிவரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) மாற்றி வோல்டேஜை 2.5 சதவீதம் இறக்கலாம்தான். ஆனால் மின்சாரத்தை நிறுத்தித்தான் மாற்ற முடியும், மாலையில் கடைசி வீட்டுக்கு லோ வோல்டேஜ் வரும்.