லினக்ஸுக்கு மாறும் டைப்பிங் கடைக்கு என்னென்ன மென்பொருள் வேண்டும்?

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். மூன்று கணினிகள், மூன்றிலும் விண்டோஸ் 10. அப்டேட் நின்றுவிட்டது, விண்டோஸ் 11 இந்த மெஷின்களில் ஏறாது என்கிறார்கள். புதிது வாங்க இப்போது வசதியில்லை. லினக்ஸ் மின்ட் போட்டுவிடலாம் என்று அண்ணன் மகன் சொல்கிறான். பத்திரம் அடிப்பது, ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் போட்டோ, ஸ்கேன், பிடிஎஃப், இவைதான் என் பிழைப்பு. ஒரு கணினியில் டேலியும் உண்டு. லினக்ஸில் என்னென்ன மென்பொருள் போட வேண்டும் என்று ஒரு பட்டியல் தர முடியுமா?

பதில்: உங்கள் அண்ணன் மகன் சொல்வது சரியான யோசனைதான். லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடக்கூடிய இலவச இயங்குதளம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன பிராசசரும் கேட்கிறது. அதனால்தான் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்கள்கூட ஒதுக்கப்படுகின்றன. ஊர்பேர் தெரியாத ஆட்களின் பென்டிரைவை நாள் முழுக்கச் செருகும் கடையில் அப்டேட் இல்லாத விண்டோஸை இணையத்தோடு இணைத்து வைத்திருப்பது ஆபத்து.

பட்டியல் தருகிறேன். ஆனால் அதைவிட முக்கியமானது வரிசை. முதலில் மென்பொருளை மாற்றுங்கள், பிறகு லினக்ஸுக்கு வாருங்கள். லிப்ரேஆபீஸ், கிம்ப், ஃபயர்பாக்ஸ், இங்க்ஸ்கேப், விஎல்சி எல்லாமே விண்டோஸிலும் ஓடுபவை, இலவசமும்கூட. இப்போதிருக்கும் விண்டோஸிலேயே இவற்றைப் போட்டு ஒரு மாதம் முழு வேலையையும் இவற்றில் செய்து பாருங்கள். எங்கே கை தடுக்குகிறது, எந்த வேலைக்கு மாற்று கிடைக்கவில்லை என்பதெல்லாம் அந்த மாதத்திலேயே தெரிந்துவிடும். அதன்பின் லினக்ஸ் போட்டால் உங்களுக்குப் புதிதாகத் தெரிவது மெனுவும் ஃபோல்டர்களும் மட்டும்தான். இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது தடுமாறுகிறவர்கள்தான் ஒரு வாரத்தில் விண்டோஸுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

உங்கள் கடைக்கு உயிர்நாடி தமிழ்த் தட்டச்சு. அது சரியாக அமையாவிட்டால் மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. தமிழ் அடிக்கப் பலரும் பயன்படுத்தும் என்எச்எம் ரைட்டர் விண்டோஸுக்கு மட்டுமானது. லினக்ஸில் அந்த வேலையைச் செய்வது ஐபஸ் என்ற உள்ளீட்டு முறை. மின்ட்டில் மென்பொருள் நிறுவுவதற்கென்றே உள்ள சாஃப்ட்வேர் மேனேஜரில் 'ஐபஸ்-எம்17என்' (ibus-m17n) என்ற பொதியை நிறுவுங்கள். இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழ் என்று தேடினால் தமிழ்99, டைப்ரைட்டர், ஃபொனெடிக், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் வரும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்தவர் வேலைக்கு இருந்தால் அவருக்கு டைப்ரைட்டர் முறையைச் சேர்த்துக் கொடுங்கள், கை பழகியபடியே அடிக்கலாம்.

இதில் ஒரு இடத்தில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். மின்ட்டின் கீபோர்டு லேஅவுட் பட்டியலிலும் தமிழ்நெட்99 என்ற பெயரில் ஒன்று இருக்கும். அது பொத்தானுக்கு ஒரு எழுத்தைத் தரும், அவ்வளவுதான். தமிழ்99-இன் அழகே தானாகப் புள்ளி விழுவதில் இருக்கிறது: அ, ம, ம, ஆ என்று நான்கு பொத்தான்களை வரிசையாகத் தட்டினால் 'அம்மா' என்று வர வேண்டும். இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். அப்படி வரவில்லை என்றால் தவறான தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், ஐபஸில் உள்ளதற்கு மாறுங்கள்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகள் நிறைய வைத்திருப்பீர்கள். கவலை வேண்டாம். அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவினால் லிப்ரேஆபீஸ் அவற்றைத் திறந்து காட்டும். எழுத்துருவைப் பாமினி என்று வைத்து ஆங்கில விசைப்பலகையில் பழையபடி அடிக்கவும் செய்யலாம். ஆனாலும் புதிதாக அடிப்பதையெல்லாம் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் அடிக்கத் தொடங்குங்கள். அரசுத் தளங்களும் வாட்ஸ்அப்பும் யூனிகோடைத்தான் படிக்கின்றன. திரும்பத் திரும்பத் தேவைப்படும் பழைய மாதிரிகளை மட்டும் இணையத்தில் உள்ள எழுத்துரு மாற்றிகள் வழியே மாற்றி, ஒருமுறை மெய்ப்புப் பார்த்து வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது லிப்ரேஆபீஸ் ரைட்டர். மின்ட்டில் அது தயாராகவே வரும். முதல் வேலையாக அதன் அமைப்புகளில் மொழிகள் பகுதிக்குப் போய் தமிழ் போன்ற மொழிகளுக்கான 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்'டை இயக்கி, தமிழைத் தேர்வு செய்யுங்கள். ரைட்டர் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழுக்கு ஒரு எழுத்துரு எனத் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும், அளவும் அப்படியே. ஒரே வரியில் ஆங்கிலப் பெயர் 12 புள்ளியிலும் தமிழ் வேறு அளவிலும் நின்றால் காரணம் இதுதான். எழுத்து அமைப்புப் பெட்டியில் இரண்டையும் சேர்த்து மாற்றினால் சரியாகிவிடும்.

வேர்டில் அடித்த கோப்பு ரைட்டரில் கலைந்து தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் எழுத்துருதான். லதா, நிர்மலா போன்றவை விண்டோஸோடு வருபவை, லினக்ஸில் இருக்காது. அவற்றுக்குப் பதிலாக லினக்ஸில் உள்ள நோட்டோ, லோஹித் எழுத்துருக்களில் ஒன்று உட்காரும்போது எழுத்தின் அகலம் மாறி, ஒரு பக்கத்தில் முடிந்த உறுதிமொழிப் பத்திரத்தின் கையொப்ப வரி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் போடக்கூடிய நோட்டோ தமிழ் எழுத்துருவுக்கு உங்கள் மாதிரிகளை இப்போதே, விண்டோஸில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் குறைவு: காலிப்ரிக்குப் பதிலாக கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதிலாக கலாடியா என்று அதே அகலத்தில் செய்த எழுத்துருக்கள் உண்டு.

முத்திரைத்தாளில் அடிக்கும்போது முதல் பக்கத்தின் மேல்பாதியை விட்டுவிட என்டர் என்டராகத் தட்டும் பழக்கம் உங்களுக்கும் இருக்கலாம். ரைட்டரில் பக்கப் பாணி என்ற ஒன்று இருக்கிறது. தாளை லீகல் அளவில் வைத்து, முதல் பக்கத்துக்கு மட்டும் மேல் ஓரத்தைப் பெரிதாக்கி, அடுத்த பக்கத்துக்குச் சாதாரணப் பாணியைக் கொடுத்து ஒரு மாதிரியாகச் சேமித்துவிடுங்கள். பிறகு வாசகம் எவ்வளவு கூடினாலும் குறைந்தாலும் முத்திரை இருக்கும் இடத்தில் எழுத்து ஏறாது. வேர்டிலிருந்து வருகிறவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான், அவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும்.

போட்டோ வேலைக்குக் கிம்ப். ஃபோட்டோஷாப்பின் குறுக்குவழிகள் கையில் ஊறியவர்களுக்கு முதல் சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் தேவைக்கு அது தாராளம். 3.5-க்கு 4.5 சென்டிமீட்டர் பாஸ்போர்ட் அளவுக்கு, 300 பிபிஐ வைத்தால் 413-க்கு 531 பிக்சல் வரும். இந்த விகிதத்தை வெட்டும் கருவியில் நிலைநிறுத்திவிட்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டாம். தேர்வு விண்ணப்பங்களுக்கு '50 கேபிக்குள்' என்று கேட்பார்கள் அல்லவா? ஜேபெக்காக ஏற்றுமதி செய்யும் பெட்டியில் முன்னோட்டத்தை டிக் செய்தால், தரத்தைக் குறைக்கக் குறைக்கக் கோப்பின் அளவு அங்கேயே தெரியும். இதற்காக முகம் தெரியாத இணையதளங்களில் வாடிக்கையாளரின் படத்தையும் கையெழுத்தையும் ஏற்றுவதை அன்றோடு நிறுத்திவிடலாம்.

பிடிஎஃப்களைச் சேர்க்க, பிரிக்க, பக்கத்தைத் திருப்ப பிடிஎஃப் அரேஞ்சர். படிவம் நிரப்ப ஒகுலர். ஸ்கேனுக்கு மின்ட்டோடு வரும் டாக்குமென்ட் ஸ்கேனர். அச்சடித்த தமிழ்த் தாளைத் திரும்ப அடிக்காமல் எழுத்தாக மாற்ற ஜிஇமேஜ்ரீடரையும், அது எழுத்தை அடையாளம் காணப் பயன்படுத்தும் டெசராக்டின் தமிழ்த் தரவையும் சேர்த்து நிறுவுங்கள். தெளிவான அச்சாக இருந்தால் பெருமளவு சரியாக எடுத்துவிடும், எழுத்துப்பிழை பார்ப்பது மட்டும் நம் வேலை. வாடிக்கையாளர் மொபைலிலிருந்து படம் வாங்க லோக்கல்சென்ட் போதும். அழைப்பிதழ், விசிட்டிங் கார்டுக்கு இங்க்ஸ்கேப். கோரல்டிரா கோப்புகளையும் அது திறக்கும், ஆனால் சிக்கலான வடிவமைப்பு அப்படியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் கடைக்கென்றே சொல்ல வேண்டிய ஒரு வசதி, விருந்தினர் அமர்வு. மின்ட்டின் லாகின் விண்டோ அமைப்பில், பயனர் பகுதியில், அதை இயக்கலாம். வாடிக்கையாளர் அதில் உட்கார்ந்து மெயில் பார்க்கட்டும், ஹால் டிக்கெட் எடுக்கட்டும். வெளியேறியதும் அவர் இறக்கிய கோப்பு, மறந்துவிட்டுப் போன லாகின் எல்லாம் அழிந்துவிடும். மற்றவர்களின் ஆதார் நகல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் குவிந்து கிடக்கும் கடைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது பதறும். இந்த ஒரு டிக் அதைப் பெரும்பாலும் தீர்த்துவிடும்.

இனி, லினக்ஸால் உங்களுக்கு முடியாதவை. டேலி விண்டோஸுக்கு மட்டும். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் மூலம் ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள், கணக்கு விஷயத்தில் அந்தப் பரிசோதனை வேண்டாம். அந்த ஒரு கணினியை விண்டோஸிலேயே விட்டுவிட்டு, இணையத் தேவையை மிகக் குறைத்து, கணக்குக்கு மட்டும் வையுங்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன், விரல்ரேகைக் கருவி இருந்தாலும் லினக்ஸில் ஓடும் என்று உறுதியாகும்வரை அவை அங்கேயே இருக்கட்டும்.

பிரிண்டரை முன்கூட்டியே சோதிக்க வேண்டும். எச்பி பிரிண்டர்களுக்கு எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பு உண்டு. அண்மைக்கால வைஃபை பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவரே இல்லாமல் வேலை செய்யும். பல கடைகளில் உழைத்துக்கொண்டிருக்கும் கேனான் எல்பிபி 2900 மட்டும் காப்ட் என்ற தனி முறையில் இயங்குவதால் லினக்ஸில் எளிதில் அமையாது. உங்களிடம் அது இருந்தால் டேலி கணினியோடு இணைத்து, மற்ற இரண்டிலிருந்தும் பிடிஎஃப்பாக அனுப்பி அச்சடிப்பது உத்தமம். எந்தப் பிரிண்டரானாலும், மின்ட்டை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அதிலேயே பிரிண்ட், ஸ்கேன், வைஃபை மூன்றையும் சோதித்துவிடுங்கள்.

மின்ட்டில் பல பதிப்புகள் உண்டு. ரேம் 4 ஜிபி என்றால் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி என்றால் சின்னமன் பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. பழைய ஹார்ட்டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி மாற்றுவதற்குச் செலவிடுங்கள், வேகத்தில் அது தரும் வித்தியாசத்தை எந்த மென்பொருளும் தராது. மென்பொருள் நிறுவ சாஃப்ட்வேர் மேனேஜரை விட்டு வெளியே போகாதீர்கள். ஒரே மென்பொருள் சிஸ்டம் பொதியாகவும், ஃப்ளாட்பேக் என்ற தனிப் பொதி வடிவிலும் கிடைத்தால் சிஸ்டம் பொதியை எடுங்கள், இடம் குறைவாகப் பிடிக்கும். நிறுவிய அன்றே, சிஸ்டத்தின் நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்டை இயக்குங்கள். ஒரு அப்டேட்டில் ஏதாவது கெட்டால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது சிஸ்டத்தை மட்டுமே காக்கும், உங்கள் கோப்புகளை அல்ல. அவற்றைத் தனி ஹார்ட்டிஸ்கில் நகலெடுப்பதை விடாதீர்கள்.

மூன்றில் வாடிக்கையாளர் உட்காரும் கணினியை முதலில் மாற்றுங்கள். அங்கே பிரவுசர்தான் முக்கால்வாசி வேலை. அது இரண்டு வாரம் ஓடியபின் டைப்பிங் கணினி. மாற்றுவதற்கு முன் உங்கள் பிரிண்டர், ஸ்கேனர் மாடல் எண்ணை எழுதி அனுப்பினால், அவற்றுக்கு என்ன டிரைவர் வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.